உள்குத்தகை உரிமை: கனடாவில் தற்காலிகப் பணியாளரின் துணைவருக்கான திறந்த பணி அனுமதியும் அதன் நீட்டிப்பும்

1. சொல்லும் பொருளும்

கனடாவில் வேலை செய்யும் வெளிநாட்டவரின் பணி அனுமதி இரண்டு வகைப்படும். ஒன்று முதலாளியின் பெயரையும் வேலையின் பெயரையும் அச்சிட்டு, ஆளை அந்த இடத்தோடு கட்டிவைப்பது. மற்றது யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவது. பின்னதுதான் திறந்த பணி அனுமதி; பேச்சில் ‘ஓப்பன் வொர்க் பெர்மிட்’. வேலைக்கென்றே அழைக்கப்பட்டு வந்தவருக்குப் பெரும்பாலும் முதல் வகை கிடைக்கிறது. அவரோடு வந்த கணவருக்கோ மனைவிக்கோ இரண்டாவது வகை. வேலைக்காக வந்தவர் கட்டுண்டிருக்க, கூட வந்தவர் கைவீசி நடக்கிறார். முதல் பார்வைக்கு இது வேடிக்கையாகத் தோன்றும்.

அந்தச் சுதந்திரத்தின் அளவு நீட்டிப்பு நாளில்தான் தெரியவரும். நிலக் குத்தகையில் உள்குத்தகை என்று ஓர் ஏற்பாடு உண்டு. குத்தகைக்காரர் தன் பங்கில் கொஞ்சத்தை இன்னொருவருக்கு விடுவார். உள்குத்தகைக்காரர் நெல் போடலாம், உளுந்து போடலாம், கேட்பாரில்லை. ஆனால் மேல்குத்தகை புதுப்பிக்கப்படாவிட்டால், அவர் எவ்வளவு நன்றாக உழுதவராக இருந்தாலும் அடுத்த பட்டத்துக்கு நிலமில்லை. துணைவரின் திறந்த பணி அனுமதி இத்தகைய உள்குத்தகை என்பதும், அதை ‘நீட்டிப்பது’ என்று நாம் சொல்வது உண்மையில் மேல்குத்தகையை ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்து பார்ப்பது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

துணைவர் என்ற சொல், மணமுடித்த கணவர் அல்லது மனைவியையும், மணமின்றி ஓராண்டுக்குக் குறையாமல் சேர்ந்து வாழும் இணையரையும் இங்கே குறிக்கும். யாருடைய அனுமதியின் பேரில் துணைவருக்கு அனுமதி கிடைக்கிறதோ அவர் முதன்மைப் பணியாளர். குடிவரவு, நிரந்தர வதிவிடம் ஆகிய சொற்களைக் கனடாவில் வாழும் ஈழத்தமிழரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் நிரந்தர வதிவிடத்தை ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று எழுதிப் பழகிவிட்டன. குடியுரிமை வேறு, வதிவிடம் வேறு. இந்த ஆய்வில் அந்த வேறுபாடு முக்கியம். விதிகள் 2025 ஜனவரி 21 முதல் நடப்புக்கு வந்த ஏற்பாட்டின்படி சொல்லப்படுகின்றன.

2. சட்டத்தில் இதன் வேர்

கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டு 2002 ஜூன் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 30ஆம் பிரிவு, அனுமதியின்றி எந்த வெளிநாட்டவரும் வேலை செய்யக் கூடாது என்கிறது. அனுமதி எப்படித் தரப்படும் என்பதைச் சட்டத்தோடு வந்த ஒழுங்குவிதிகள் பேசுகின்றன.

துணைவருக்கான அனுமதி எந்த விதியின் கீழ் தரப்படுகிறது என்று தேடுபவர் ‘குடும்பம்’ என்ற தலைப்பைத்தான் முதலில் புரட்டுவார். அங்கே அது இல்லை. ஒழுங்குவிதி 205இன் ‘சி’ பகுதியில், இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறது. கனடாவின் கல்வி நிறுவனங்கள் அல்லது பொருளாதாரத்தின் போட்டித்திறன் தொடர்பான பொதுக்கொள்கைக்காக, வேலைச் சந்தையில் ஒரு சிலரை அனுமதிக்கலாம் என்று அமைச்சர் குறித்தால், அவர்களுக்கு அனுமதி தரலாம் என்பது அதன் சாரம். அதிகாரிகளும் ஆலோசகர்களும் ‘சி41’ என்று குறியீட்டால் அழைத்துவந்தது இந்த வழியைத்தான்.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ வேண்டும், இருவரும் உழைத்துக் கண்ணியமாக வாழ வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்த உரிமையாக இது சட்டத்தில் எழுதப்படவில்லை. திறமையான ஒருவர், ‘என் மனைவிக்கு அங்கே வேலை செய்ய முடியாதென்றால் நான் வரவில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட ஈர்ப்பு. துணைவரின் உழைப்பு முதன்மைப் பணியாளரின் சம்பளத்தோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்த ஒரு சலுகை. உரிமையாக இருந்தால் அதைக் குறைக்க நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டியிருக்கும். சலுகையாக இருப்பதால் அமைச்சரின் அறிவிப்பே போதும். அடுத்த பகுதியில் வரும் விரிவும் சுருக்கமும் அப்படி நடந்தவை.

புதுப்பித்தலுக்கு ஒழுங்குவிதி 201 இரண்டு நிபந்தனைகள் விதிக்கிறது: பழைய அனுமதி காலாவதியாகும் முன் விண்ணப்பிக்க வேண்டும்; இதுவரையிலான நிபந்தனைகளை மீறியிருக்கக் கூடாது. இவற்றோடு, அனுமதி பெறுவதற்கான தகுதி தொடர்ந்து இருக்கிறதா என்று அதிகாரி பார்க்க வேண்டும். துணைவரைப் பொறுத்தவரை அந்த ‘தொடர்ந்து’ என்ற சொல் அவரைக் குறிப்பதைவிட இன்னொருவரையே அதிகம் குறிக்கிறது. மூன்று ஆண்டுகள் ஒழுங்காக வேலை பார்த்தார், வரி கட்டினார், பதவி உயர்வு பெற்றார் என்பதெல்லாம் இந்த அளவுகோலில் ஏறுவதில்லை.

3. அகன்று சுருங்கிய வாசல்

நெடுங்காலம் இந்த வழி உயர்திறன் வேலை பார்ப்பவரின் துணைவருக்கு மட்டுமே திறந்திருந்தது. முதன்மைப் பணியாளரின் அனுமதியில் ஆறு மாதம் மிச்சம் இருந்தால் போதும். பெருந்தொற்றுக்குப் பின் ஆள் பற்றாக்குறை கடுமையானபோது, 2023 ஜனவரி 30 முதல் இரண்டாண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடாக எல்லாத் திறன்நிலையினரின் துணைவருக்கும், வேலை வயதை எட்டிய பிள்ளைகளுக்கும் வாசல் அகலத் திறக்கப்பட்டது. உணவு பரிமாறுபவரின் மனைவியும் கிடங்குத் தொழிலாளியின் கணவரும் உள்ளே வந்தார்கள்.

பின்னர் காற்று மாறியது. வீட்டு வாடகை ஏறியது, தற்காலிகக் குடியிருப்பாளர் எண்ணிக்கை அரசியலானது. தற்காலிகமாக இருப்போரை மக்கள்தொகையில் 5 சதவீதத்துக்குக் கொண்டுவருவதாக அரசு 2024இல் அறிவித்தது. அப்போதைய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் அதே ஆண்டு செப்டம்பரில் துணைவர் அனுமதியையும் இறுக்கப்போவதாகச் சொன்னார். 2025 ஜனவரி 21 அன்று புதிய விதி வந்தது. பிள்ளைகளுக்கான வழி மூடப்பட்டது. துணைவருக்கான வழி இரண்டு சல்லடைகள் வழியாகப் போகும்படி ஆனது: முதன்மைப் பணியாளரின் தொழில், அவரது அனுமதியில் மிஞ்சியிருக்கும் காலம்.

தொழிலை அளக்கும் கருவி தேசியத் தொழில் வகைப்பாடு. ஆங்கில முதலெழுத்துகளில் அதை என்ஓசி என்பார்கள். தமிழ்நாட்டில் என்ஓசி என்றால் தடையில்லாச் சான்று என்று பழகிய காது முதலில் குழம்பும். 2022 நவம்பர் 16 முதல் குடிவரவுத் துறை பயன்படுத்தும் பதிப்பில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. அதில் இரண்டாவது இலக்கம், அந்த வேலைக்கு எவ்வளவு கல்வி, பயிற்சி, பொறுப்பு தேவை என்பதைச் சொல்லும். அதை ‘டீயர்’ நிலை என்பார்கள். மென்பொருள் உருவாக்குநர் 21232: இரண்டாவது இலக்கம் 1, டீயர் 1. பதிவுபெற்ற செவிலியர் 31301: அதுவும் 1. சமையலர் 63200: டீயர் 3. உணவு பரிமாறுபவர் 65200: டீயர் 5.

டீயர் 0, 1 நிலைகளில் இருப்பவரின் துணைவருக்கு முதல் சல்லடையில் தடையில்லை. 2, 3 நிலைகளில் குறிப்பிட்ட தொழில்கள் மட்டும்: மருத்துவம், கட்டுமானம், இயற்கை வளம், கல்வி, அறிவியல் தொழில்நுட்பம், விளையாட்டு, இராணுவம் ஆகிய துறைகளிலிருந்து பொறுக்கி எடுத்த பட்டியல். உணவகம் அந்தத் துறைகளில் இல்லை. எனவே 2023இல் அனுமதி பெற்ற சமையலரின் மனைவி, அதே கணவர் அதே அடுப்பின் முன் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, அடுத்த முறை தகுதியற்றவர் ஆகிறார். கையில் இருக்கும் அனுமதி அதன் தேதிவரை செல்லும். அதற்குப் பிறகு செல்லாது. ‘நீட்டிப்பு’ என்ற சொல் எவ்வளவு பொய் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

4. பதினாறு மாதக் கணக்கு

4.1 இரண்டாவது சல்லடை எளிய கூட்டல் கழித்தல்போலத் தெரியும். துணைவர் விண்ணப்பிக்கும் நாளில் முதன்மைப் பணியாளரின் அனுமதியில் குறைந்தது 16 மாதம் மிஞ்சியிருக்க வேண்டும். இந்த எண்ணுக்குள்ளே சில விளைவுகள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, குறைந்த ஊதியப் பிரிவு. உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி அரசிடம் பெறும் மதிப்பீட்டை எல்எம்ஐஏ என்பார்கள். குறைந்த ஊதியப் பிரிவில் அதன் பேரில் ஆளை வைத்துக்கொள்ளும் காலம் 2024 செப்டம்பர் 26 முதல் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. ஓராண்டு என்பது 12 மாதம். 12 மாத அனுமதியில் 16 மாதம் எப்படி மிஞ்சும்? ஒரு துறையின் விதியும் இன்னொரு துறையின் விதியும் தனித்தனியாகப் படித்தால் குற்றமற்றவை. சேர்த்துப் படித்தால் ஒரு முழுப் பிரிவினரின் துணைவருக்குக் கதவு சாத்தப்பட்டிருப்பது தெரியும். எந்த அறிவிப்பும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

இரண்டாவது, கனடாவில் படித்து முடித்தவர். அவருக்குப் பட்டப்படிப்புக்குப் பின்னான பணி அனுமதி அதிகபட்சம் மூன்றாண்டு, பொதுவாக ஒரே ஒரு முறை. அவர் நல்ல வேலை தேடிப் பிடிப்பதற்குள் ஓராண்டு கரைந்துவிட்டது, இந்தியாவில் திருமணம் முடிந்து பதிவுச் சான்று வாங்குவதற்குள் இன்னும் எட்டு மாதம் போனது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 16 மாதம். ஒரு வாரம் தாமதித்தாலும் இல்லை. கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு பணி அனுமதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய காலம் இது.

4.2 நீட்டிப்பில் இந்தக் கணக்கு மேலும் முடிச்சாகிறது. துணைவரின் அனுமதி பொதுவாக முதன்மைப் பணியாளரின் அனுமதி முடியும் அன்றே முடியும்படி தரப்படும். ஆக, துணைவர் நீட்டிப்புக் கேட்கும் வேளையில் முதன்மைப் பணியாளரிடமும் மிச்சம் எதுவும் இருக்காது. அவருடைய புதிய அனுமதி வந்தால்தான் 16 மாதத்தைக் காட்ட முடியும். அதற்கோ முதலாளி புதிய எல்எம்ஐஏ வாங்க வேண்டும் அல்லது வேறு விலக்கு வழியைக் காட்ட வேண்டும். முதலாளி அசைந்தால் கணவர் அசைவார், கணவர் அசைந்தால் மனைவி அசைவார். காலாவதித் தேதி மட்டும் யாருக்காகவும் அசையாது. அதனால்தான் இருவரின் விண்ணப்பத்தையும் ஒன்றாக அனுப்பும் வழக்கம் இருக்கிறது. ஒன்றாக அனுப்பினாலும் முதன்மையாளரின் முடிவு தெரியாமல் துணைவரின் விண்ணப்பத்தை அளக்க முடியாது. என் கருத்தில், முதன்மையாளரின் புதுப்பித்தலை முதலாளி இயன்றவரை முன்கூட்டித் தொடங்கும்படி கேட்பதே துணைவர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். அதாவது தன் விண்ணப்பத்துக்குத் தேவையான முக்கியமான வேலை, தனக்குத் தொடர்பே இல்லாத ஓர் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் நடக்கிறது.

4.3 இந்த இறுக்கத்துக்குள் ஒரு விலக்கு உண்டு, அது போதிய அளவு பேசப்படவில்லை. முதன்மைப் பணியாளரின் அனுமதியைவிடக் குறைந்த காலத்துக்குத் துணைவருக்கு அனுமதி தரப்பட்டிருந்தால், அவர் பெற்றபோதிருந்த அதே அடிப்படையில், முதன்மையாளரின் நடப்பு அனுமதி முடியும் தேதிவரை புதுப்பித்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. கணவரின் அனுமதி 2024 மார்ச் முதல் 2027 பிப்ரவரி இறுதிவரை. மனைவியின் கடவுச்சீட்டு 2026 ஜனவரியில் காலாவதி. பணி அனுமதி கடவுச்சீட்டின் ஆயுளைத் தாண்டாது என்பதால் அவருக்கும் 2026 ஜனவரிவரைதான் கிடைத்தது. 2025 டிசம்பரில் புதிய கடவுச்சீட்டோடு நீட்டிப்புக் கேட்கிறார். கணவரிடம் மிச்சம் 14 மாதத்துச் சொச்சம். 16 இல்லை. ஆனாலும் விலக்கு அவரைக் காப்பாற்றுகிறது. அதே டிசம்பரில், அதே போன்ற கணவருக்கு வாழ்க்கைப்பட்ட இன்னொருவர் சென்னையிலிருந்து முதல் முறையாக விண்ணப்பித்தால் 14 மாதம் போதாது என்று திரும்பும். கடவுச்சீட்டு முன்னதாக முடிந்தது ஒரு விதத்தில் அதிர்ஷ்டமாக மாறிய விசித்திரம்.

4.4 முதன்மைப் பணியாளர் நிரந்தர வதிவிடத்துக்கு மாறும் பாதையில் இருந்தால் அவருடைய துணைவரை இந்தப் புதிய கட்டுப்பாடு தொடாது என்றும் அரசு அறிவித்திருக்கிறது. தடையில்லா வணிக ஒப்பந்தங்களின் கீழ் வந்தவர்களுக்கும் அப்படியே. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கனடாவோடு நடப்பில் அத்தகைய ஒப்பந்தம் இல்லாததால் அது நமக்கு ஏட்டுச் சுரைக்காய். இன்னொன்று, துணைவர் என்ற முறையில் அனுமதி பெற்ற ஒருவர், அதை வைத்துத் தன் துணைக்கு அனுமதி வாங்கித்தர முடியாது. உள்குத்தகைக்காரர் மறுபடியும் உள்குத்தகை விட முடியாதல்லவா.

5. முடிவு வரும்வரை

5.1 விண்ணப்பம் அனுப்பியாயிற்று, பழைய அனுமதியின் தேதி முடிந்துவிட்டது, முடிவு வரவில்லை. நாளைக்கு வேலைக்குப் போகலாமா? தமிழ்க் குடும்பங்களில் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

போகலாம். காலாவதிக்கு முன் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் நாள்வரை தங்கும் காலம் தானாகவே நீள்கிறது என்கிறது ஒழுங்குவிதி 183. பணி அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவர், பழைய நிபந்தனைகளை அப்படியே பின்பற்றிக்கொண்டு கனடாவிலேயே இருந்தால், முடிவுவரை வேலையும் செய்யலாம் என்கிறது 186. இந்த இடைநிலைக்கு ‘தொடரும் தகுதிநிலை’ என்று பெயர் வைக்கலாம். முடிவு வர எத்தனை மாதம் ஆனாலும் அத்தனை மாதமும் இது நீடிக்கும். அமெரிக்காவில் எச்-4 விசாவில் இருக்கும் துணைவரில் சிலருக்கு 2015 முதல் தனியாக வேலை அட்டை பெற முடிகிறது. ஆனால் அங்கே புதுப்பித்தல் தாமதமானால் வேலையை விட்டு வீட்டில் உட்கார நேர்ந்தவர் பலர். அந்த வகையில் கனடாவின் விதி நிச்சயமாக மனிதத்தன்மை மிக்கது.

விண்ணப்பம் சேர்ந்ததற்குச் சான்றாகக் குடிவரவுத் துறை ஒரு கடிதம் தரும். முதலாளியிடம் காட்ட அது உதவும். அந்தக் கடிதத்திலும் ஒரு தேதி இருக்கும். அது முடிந்தவுடன் உரிமையும் முடிந்தது என்று முதலாளிகள் பதறுவதுண்டு. உரிமையைத் தருவது ஒழுங்குவிதி, கடிதம் வெறும் சாட்சி.

5.2 இந்த இடைக்காலத்தில் செய்யக் கூடாதது, நாட்டைவிட்டு வெளியேறுவது. மேலே சொன்ன விதியில் ‘கனடாவிலேயே இருந்தால்’ என்ற சொற்கள் சும்மா வரவில்லை. வெளியே போய்த் திரும்பினால் உள்ளே விடப்படலாம், ஆனால் புதிய அனுமதி கைக்கு வரும்வரை வேலை செய்ய முடியாமல் போகலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு. பணி அனுமதி வேறு, நாட்டுக்குள் நுழையும் விசா வேறு. விசா பெரும்பாலும் பழைய அனுமதியோடு சேர்ந்தே காலாவதியாகியிருக்கும். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வரும் இரவில் இந்த இரண்டு வாக்கியங்களும் கல்போலக் கனக்கும்.

5.3 காத்திருப்பைத் தவிர்க்க முன்பு ஒரு குறுக்குவழி இருந்தது. காரை எடுத்துக்கொண்டு நயாகரா ரெயின்போ பாலத்துக்கோ மேற்கே பீஸ் ஆர்ச் எல்லைக்கோ போய், அமெரிக்க எல்லையைத் தொட்டுவிட்டு உடனே திரும்பி, கனடாவின் எல்லை அதிகாரியிடம் அங்கேயே புதிய அனுமதி வாங்குவார்கள். கொடிக்கம்பத்தைச் சுற்றிவருவதுபோல் இருப்பதால் ‘ஃப்ளாக்போலிங்’ என்று பெயர். மாதக்கணக்கில் இழுக்கும் காரியம் ஒரு மத்தியானத்தில் முடியும். 2024 டிசம்பர் 23 இரவோடு பணி அனுமதிக்கும் கல்வி அனுமதிக்கும் அந்த வழி, சில விலக்குகள் தவிர, மூடப்பட்டது. பழைய கதையை நம்பிப் பாலத்துக்குப் போகச் சொல்லும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் காலத்தில் உண்மை.

6. தாள்களும் தமிழ்ப் பெயர்களும்

விண்ணப்பம் இணையவழி. நாட்டுக்குள் இருந்துகொண்டு பணியாளராக நீடிக்க விரும்புவோருக்கான படிவத்தின் எண் ஐஎம்எம் 5710. அனுமதிக் கட்டணம் 155 டாலர், திறந்த அனுமதி என்பதற்காக மேலும் 100 டாலர். கைரேகை கொடுத்துப் பத்தாண்டு ஆகவில்லையென்றால் அதற்கான 85 டாலர் மிச்சம். முதன்மையாளரின் பணி அனுமதி, வேலைக் கடிதம், அண்மைச் சம்பளச் சீட்டுகள், திருமணச் சான்று, கடவுச்சீட்டுப் பக்கங்கள் ஆகியவை உயிர்நாடி. வேலைக் கடிதத்தில் பதவிப் பெயர் பெரிதாக இருந்து பயனில்லை. செய்யும் வேலைகளின் விவரம் அந்த ஐந்து இலக்க எண்ணுக்குரிய வேலைகளோடு பொருந்த வேண்டும். கடிதத்தில் ‘மேலாளர்’ என்றும் விவரத்தில் மேசை துடைப்பதும் இருந்தால் அதிகாரி விவரத்தைத்தான் நம்புவார்.

தமிழர் பலரும் சந்திக்கும் ஒரு சிக்கல் இங்கே உண்டு, அது பெயர். மேலைநாட்டுப் படிவம் குடும்பப் பெயரை எதிர்பார்க்கிறது. நமக்கு இருப்பது தலைப்பெழுத்து. கடவுச்சீட்டு எடுக்கும்போது சிலர் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் விரித்து எழுதுகிறார்கள், சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், சில பெண்கள் மணமான பின் கணவரின் பெயரை அங்கே ஏற்றுகிறார்கள். விளைவு: கணவரின் ‘குடும்பப் பெயர்’ அவருடைய அப்பாவின் பெயர், மனைவியின் ‘குடும்பப் பெயர்’ அவருடைய அப்பாவின் பெயர், இருவருக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இல்லை. பள்ளிச் சான்றில் தலைப்பெழுத்து, திருமணச் சான்றில் விரிவு, கடவுச்சீட்டில் வேறொரு வரிசை. உறவு உண்மையானதா என்று ஆராய வேண்டிய அதிகாரி இதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை, ஆனால் விளக்கமில்லாமல் புரிந்துகொள்ளவும் வழியில்லை. தமிழ்ப் பெயர் முறை இப்படிப்பட்டது என்று அரைப் பக்க விளக்கக் கடிதம் இணைப்பது நல்லது. ஒரு மரபு முழுவதையும் அரைப் பக்கத்தில் அடக்குவது கடினம்தான்.

திருமணப் பதிவு தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லா மதத்தினருக்கும் கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகம் தரும் சான்று தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு முறைப்படி இணைக்க வேண்டும். முதல் அனுமதிக்குத் தந்த அதே தாள்தானே என்று நீட்டிப்பின்போது விட்டுவிடுவோர் உண்டு. ஒவ்வொரு நீட்டிப்பும் புதிய விண்ணப்பம் என்ற நமது வாதம் இங்கே கைக்கெட்டும் உண்மையாகிறது: பழைய கோப்பு பேசும் என்று நம்பக் கூடாது.

அனுமதியில் அச்சாகும் குறிப்பையும் படிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்யாதவரின் திறந்த அனுமதியில், குழந்தைகள் காப்பகம், பள்ளி, மருத்துவத் துறை ஆகியவற்றில் வேலை செய்யக் கூடாது என்ற வரி இருக்கும். திறந்த கதவில் மூன்று சிறிய தாழ்ப்பாள்கள். துணைவராக வரும் தமிழ்ப் பெண்களில் ஆசிரியர்களும் செவிலியர்களும் ஏராளம் என்பதை நினைத்தால் இந்தத் தாழ்ப்பாள்கள் சிறியவை அல்ல.

7. மறுப்பு வந்தால்

மறுப்புக் கடிதம் வந்த நாளோடு தொடரும் தகுதிநிலை முடிகிறது. வேலையை அன்றே நிறுத்த வேண்டும். தகுதிநிலை இழந்த 90 நாளுக்குள் அதை மீட்டுத்தரக் கேட்கலாம், தனிக் கட்டணம் உண்டு, அந்தக் காலத்தில் வேலை செய்ய முடியாது. தாள் விடுபட்டது, கட்டணம் குறைந்தது போன்ற பிழைகளுக்கு இது மருந்து. தகுதியே இல்லாமல் போன சமையலரின் மனைவிக்கு இது உதவாது. அவர் காலாவதிக்கு முன்பே பார்வையாளராக மாற விண்ணப்பித்தால் கணவரோடு தங்கலாம், வேலை மட்டும் போகும். அனுமதியின்றி வேலை செய்தால் பின்னர் ஆறு மாதம் கழியும்வரை புதிய அனுமதி தருவதற்கே தடை வரும் என்பதால், ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்ற அறிவுரை விலை அதிகமானது.

அதிகாரியின் முடிவு நியாயமற்றது என்று கருதினால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறுஆய்வுக்கு அனுமதி கேட்கலாம். கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவுக்குக் கெடு 15 நாள். மறுப்புக் கடிதம் பெரும்பாலும் இரண்டு வரி. உண்மையான காரணம் அதிகாரியின் உட்குறிப்பில் இருக்கும்; தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அது 15 நாளுக்குள் வந்துசேரும் என்று எதிர்பார்க்க முடியாது.

8. உறவு முறியும்போது

உள்குத்தகையின் மிகக் கூரிய முனை இது. மணமுறிவோ பிரிவோ நேர்ந்தால், துணைவர் என்ற முறையில் அடுத்த நீட்டிப்பு இல்லை. கொடுமை செய்யும் துணையோடு இருப்பவருக்கு இது என்ன பொருள் தரும் என்று யோசிக்க வேண்டும்: அடுத்த விண்ணப்பத்துக்குத் தேவையான வேலைக் கடிதமும் சம்பளச் சீட்டும் அடிப்பவரின் கையில் இருக்கின்றன. ‘உன் பேப்பர் என் கையில்’ என்ற மிரட்டல் சட்டத்திலிருந்தே வலிமை பெறுகிறது. 2019 ஜூலை 26 முதல் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குக் கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதியும் அதோடு பணி அனுமதியும் பெற வழி செய்யப்பட்டது. குறைந்தது ஆறு மாதம் அது தரப்படும். எல்லா நிலையிலும் இருப்பவருக்கு அது பொருந்துமா என்பது தனித்தனியே பார்க்க வேண்டியது. ஆனால் மிரட்டலுக்குப் பதில் சொல்லும் ஒரு விதி இருக்கிறது என்ற செய்தி, நமது சங்கங்களின் பொங்கல் விழா மேடைகளில் ஒலிப்பதைவிட அதிகமாக ஒலிக்க வேண்டும்.

9. சார்ந்தவர் முதன்மையாகும் இடம்

முதன்மைப் பணியாளருக்கு வேலை போய்விட்டால் என்ன ஆகும்? அவருடைய அனுமதியில் முதலாளியின் பெயர் அச்சாகியிருப்பதால் வேறெங்கும் உடனே சேர முடியாது. புதிய முதலாளி, புதிய மதிப்பீடு, புதிய அனுமதி என்று காத்திருக்க வேண்டும். துணைவரின் அனுமதியோ அதன் தேதிவரை செல்லும். அந்த மாதங்களில் படிவத்தில் ‘சார்ந்தவர்’ எனப்பட்டவர் வாடகை கட்டுகிறார், படிவத்தில் ‘முதன்மை’ எனப்பட்டவர் அவர் கொண்டுவரும் காய்கறியை நறுக்குகிறார். போட்டித்திறன் என்ற பெயரில் எழுதப்பட்ட விதி எண்ணிப்பார்க்காத காட்சி இது.

இதிலிருந்து ஒரு வழியும் பிறக்கிறது. திறந்த அனுமதியில் செய்த வேலை நீட்டிப்பின் அளவுகோலில் ஏறாது என்று முன்பு பார்த்தோம். நிரந்தர வதிவிடத்தின் அளவுகோலில் அது ஏறும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறையில், துணையோடு விண்ணப்பிப்பவருக்குத் துணைவரின் பங்காக அதிகபட்சம் 40 புள்ளி: மொழிக்கு 20, கல்விக்கு 10, கனடா வேலை அனுபவத்துக்கு 10. அதைவிடப் பெரியது, துணைவர் தானே தலைமை விண்ணப்பதாரர் ஆகும் வாய்ப்பு. டீயர் 0 முதல் 3 வரையிலான தொழிலில், மூன்றாண்டுகளுக்குள் ஓராண்டு, அதாவது 1,560 மணிநேரம் முறைப்படி வேலை பார்த்தவர் கனடா அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார். நீட்டிப்புக்கு உதவாத சமையலர் தொழில், இங்கே டீயர் 3 என்பதால் தகுதியாகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. வயது குறைவு, ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் கூடுதல், படிப்பு அதிகம் என்றால் மனைவியின் புள்ளிகள் கணவரை முந்துவது அரிதல்ல. இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கணக்கிட்டுப் பார்க்காமலே, ‘அவர் பெயரில்தானே வந்தோம்’ என்று அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அப்படிச் செய்யச் சட்டம் கேட்கவில்லை, கேட்பது பழக்கம்.

இதற்கெல்லாம் தேவை, வேலை செய்த காலம் முழுவதும் அனுமதி இருந்ததற்கான சான்று. புதிய அனுமதி தபாலில் வந்ததும் தேதிகளையும் பெயரின் எழுத்துகளையும் சரிபார்த்து, 9இல் தொடங்கும், சின் எனப்படும் சமூகக் காப்பீட்டு எண்ணின் காலாவதித் தேதியைச் சர்வீஸ் கனடா அலுவலகத்தில் மாற்றி, பழைய அனுமதியையும் இடைக்காலக் கடிதத்தையும் எறியாமல் ஒரே கோப்பில் வைத்துக்கொள்பவருக்கு அந்த 1,560 மணிநேரம் தாளில் நிற்கும். அப்படி நின்றால், அடுத்து நிரப்பும் படிவத்தில் விண்ணப்பதாரர் என்ற கட்டத்தில் மனைவியின் பெயர் இருக்கும்; உடன்வரும் குடும்பத்தினர் என்ற கட்டத்தில் கணவரின் பெயர்.